ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பானில் ட்ரெயின் போல்ட் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் அக்கா வீட்டு வாசலில் நின்ற எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் இருக்கை வரை தண்ணீர். வடிந்ததும் ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அதே தெருவில் ஸ்டார்ட் செய்து ஓட்டிய ஒரு வண்டியின் கியர் ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் வண்டியில் தண்ணீர் ஆயிலோடு கலக்காமல் பானின் (கியர்பாக்ஸுக்குக் கீழே ஆயில் தேங்கும் தட்டு) அடியில் தனியாகத் தங்கியிருந்தது.

அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் ஒன்று இருந்திருந்தால் அந்தத் தண்ணீரை முதலில் வடித்திருக்கலாம். இல்லை. சுற்றியுள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பானை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே படுத்திருந்த மெக்கானிக் அண்ணனின் முழங்கை வரை ஆயில் வழியத்தான் இறக்க முடிந்தது. ஒரு தடவை மாற்றினால் போதாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். எங்கள் கியர்பாக்ஸில் மொத்தம் சுமார் 9 லிட்டர். பானிலிருந்து வருவது 4 லிட்டர்தான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூலர் குழாய்களிலும் நின்றுவிடும். கணக்குப் போட்டால் முதல் மாற்றத்துக்குப் பிறகு பழைய ஆயில் 56 சதவீதம், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 17. ஒவ்வொரு முறையும் பானை இறக்கி, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் போல்ட் வைக்க முடிவு செய்தோம்.

துளையிட்டு, உள்ளே ஒரு நட்டை வைத்து முடுக்கும் ரெடிமேட் செட் கிடைக்கிறது. நான் அதை விரும்பவில்லை. உள்ளே நட்டின் உயரத்துக்குப் பழைய ஆயில் தங்கும். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தலை வேகத்தடையில் இடிக்கும். லேத்தில் உள்ளே மரை வெட்டிய இரும்பு பாஸ் (போல்ட் முடுக்கும் கனத்த வளையம்) ஒன்று செய்து, பானின் பின்பக்கச் சுவரில், பானின் அடித்தளத்தை ஒட்டி, பின்னோக்கிப் பார்க்கும்படி பித்தளை வைத்துப் பற்றவைத்தோம். கல் எதில் பட்டாலும் பானில்தான் படும், போல்ட்டில் படாது. பற்றவைக்கும்போது பானின் விளிம்பை ஒரு கனத்த தகட்டில் இறுக்கிக் கட்டியது மிக முக்கியம். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்தால் பிறகு எந்தக் கேஸ்கட்டும் தாங்காது. ஆறியதும் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துச் சரிபார்த்தோம். வெளியே சுண்ணாம்புத் தூள் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தோம். காலையில் ஈரக்கறை எங்குமே இல்லை. அன்று அடைந்த நிம்மதியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் கலந்தபடி நெடுந்தூரம் ஓட்டிய வண்டிக்கு இது மருந்தல்ல. கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பசையைத் தண்ணீர் கெடுத்துவிடும்; கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கடலூர் முதுநகர்:

நீங்கள் ஒதுக்கிய அந்த ரெடிமேட் செட்டைத்தான் என் வண்டிக்கு ஒரு பட்டறையில் வைத்துக் கொடுத்தார்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ரிவர்ஸ் விழத் தாமதமாகும், கியர் வழுக்கும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். இங்கே துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் பானை இறக்கிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்: உள்ளே இருந்த நட்டு ஃபில்டரை மேலே நெட்டியிருந்தது. ஃபில்டர் கழுத்து தன் இடத்தில் சரியாக உட்காராமல் ஆயிலோடு காற்றையும் இழுத்திருக்கிறது. தயவுசெய்து துளையிடும் முன் பானின் உள்ளே களிமண் உருண்டை வைத்து மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. என் புது நட்டின் உயரத்தை அப்படித்தான் அவர் முடிவு செய்தார்.

திருப்பாப்புலியூர், லேத் பட்டறை:

தம்பி சொன்ன களிமண் யோசனை சரியானது. இன்னும் சில. பானை வண்டியிலேயே வைத்துத் துளையிடச் சொன்னால் நான் வேலையை எடுக்கமாட்டேன். ஒரு பிசிறு, ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் வால்வு பாடிக்குள் போனால் கியர் வால்வு சிக்கிக்கொள்ளும். பிறகு செலவு லட்சத்தில்தான். துளையிட்டதும் அரம் போட்டு, கழுவி, காந்தத்தால் தடவ வேண்டும். பானிலிருக்கும் காந்தத்தையும் துடைத்து அதே இடத்தில் வையுங்கள். அதில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு, சில்லுகள் இருந்தால் கவலைப்பட வேண்டும். அலுமினியப் பானுக்கு இரும்பு பாஸ் பற்றாது. அலுமினிய பாஸ் செய்து டிக் (ஆர்கான் வாயு) வெல்டிங்தான். இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனியின் 6, 8 கியர் பெட்டிகள் பலவற்றில் பான் பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு சேர்ந்தது, போல்ட்டும் ஏற்கெனவே உண்டு. அதைத் தொட வேண்டாம்.

வில்லியனூர்:

ஐயா, போல்ட் வைத்த பிறகு பானை இறக்கவே வேண்டாமா?

திருப்பாப்புலியூர், லேத் பட்டறை:

ஃபில்டர் மாற்ற இறக்கித்தான் ஆக வேண்டும். இடையில் ஆயில் மாற்ற மட்டும் போல்ட் போதும். ஒவ்வொரு தடவையும் புதுச் செப்பு வாஷர் போடுங்கள். வடிந்த ஆயிலை அளவு ஜாடியில் பிடித்து, அதே அளவு புது ஆயில் ஊற்றுங்கள். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டில் சொன்ன சூட்டில், சொன்னபடியே பாருங்கள்.