பேரூராட்சி என்று பலகை மாட்டினால் நகரமாகிவிடுமா?

வயல்வரப்பு:
"2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள், பெரிய மாநிலங்களில் நாம்தான் முதலிடம், கிராமமெல்லாம் முடிந்த கதை" என்று கிண்டிக்காரர் நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து வயிறு எரிகிறது. அந்த 48.4-இல் நானும் ஒருவன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி. ரோட்டில் நெல் காய்கிறது, கடைசி பஸ் எட்டரைக்குப் போய்விடும், பேரூராட்சி என்பதால் நூறு நாள் வேலையும் இல்லை. இதுவா நகரம்?

கிண்டிக்காரர்:
கோபப்பட்டால் கணக்கு மாறாது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளிகளில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை. மூன்றும் இருந்தால்தான் நகரம். உங்கள் ஊர் அதில் தேறியிருக்கிறது.

வயல்வரப்பு:
அந்த 75 சதவீத விதி பேரூராட்சிக்குக் கிடையாது! ஊராட்சியாகவே இருந்துகொண்டு நகரம்போல் ஆகிவிட்ட ஊர்களுக்கு மட்டும்தான் அந்த விதி. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அரசாணை இருந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் நகரக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 2011இல் இங்கே 1,097 நகரங்கள், அதில் 721 அரசாணையால் வந்தவை, 376தான் நீங்கள் சொன்ன விதியில் வந்தவை. 2004இல் 566 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள், 2006இல் மறுபடி பேரூராட்சி. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வேறு பக்கமா ஓடியது?

பனியன்_அக்கா:
நான் அவிநாசிப் பக்கம். எங்களுடையது ஊராட்சி, ஏட்டில் கிராமம். காலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வேன் வந்தால் தெருவில் பாதிப்பேர் ஏறிவிடுகிறோம், தோட்டத்து வேலைக்கு ஆள் இல்லை. லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் பையன்கள், மளிகைக்காரர் இந்தி பழகிவிட்டார். கோயில் நோம்பிக்குத் தேதி குறிப்பதே ஷிப்ட் பார்த்துத்தான். அப்போது நாங்கள் யார்?

கிண்டிக்காரர்:
பார்த்தீர்களா, அக்காவே சொல்லிவிட்டார். உண்மையில் நகரமயம் 48.4-ஐ விட அதிகம்.

வயல்வரப்பு:
அக்காவை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். 75 சதவீத விதியைப் பற்றி நான் சொன்னதற்குப் பதில் எங்கே?

கொச்சித்தமிழன்:
நான் வேலை பார்க்கும் கேரளத்தில் நகரவாசிகள் 2001இல் 26 சதவீதம், 2011இல் 47.7. யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்துக்கு ஓடவில்லை. பல ஊர்கள் இருந்த இடத்திலேயே நகரக் கணக்கில் ஏறிவிட்டன.

கிண்டிக்காரர்:
கேரளத்தை யார் கேட்டது? வயல்வரப்பு ஐயா, போன மாதம் ஏரி ஆக்கிரமிப்புப் பேச்சிலும் இப்படித்தான் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினீர்கள். நகரம் என்றாலே உங்களுக்கு ஆகாது, ஆனால் பையன் மட்டும் சென்னைச் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்க வேண்டும்.

வயல்வரப்பு:
என் பையனை எதற்கு இழுக்கிறீர்கள்? அவன் அங்கே சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு ஐப்பசிக்கும் பைக்கை மேட்டில் ஏற்றி வைக்கிறான், உங்கள் நகரம் அவனுக்குக் கொடுத்தது அதுதான். ஏரி விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி, அன்றைக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கு நகரம் ஆகாது என்று யார் சொன்னது? ஊரை நகரம் என்று எழுதிக்கொண்டால் பாதாளச் சாக்கடை கொடு, ராத்திரி பத்து மணிக்கு பஸ் விடு. வரியை மட்டும் வாங்கிக்கொண்டு, நாற்று நடும் பெண்களுக்கு நூறு நாள் வேலையும் இல்லை என்றால் அது எங்கள் வயிற்றில் அடிப்பது. இப்போது சொல்லுங்கள், அந்த 75 சதவீத விதி பேரூராட்சிக்கு உண்டா, இல்லையா?

பனியன்_அக்கா:
நான் கேட்டதற்கு இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

கிண்டிக்காரர்:
விதி விதிதான். 5,000, 400, 75. கணக்கெடுப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

வயல்வரப்பு:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். பேரூராட்சிக்கு அந்த 75 கிடையாது.