கிராமச் செவிலியர்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

வணக்கம். எங்கள் வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கும் முதியோர் பராமரிப்பில் இரண்டு நாள் பயிற்சி அளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் அத்திட்டம் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் என்பதால், முதியவரின் கட்டில் வரை போய் வருபவர்கள் இவர்கள்தாம். நீரிழிவு, மூட்டுத் தேய்மானம், கண்புரை, மறதிநோய் என்று நோய்வாரியாக ஒரு பாடத்திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. முதியோர் மருத்துவத்தை எனக்கே எவரும் தனிப்பாடமாகக் கற்றுத் தந்ததில்லை. எதை வைப்பது, எதை விடுவது?

பதில் 1: முதியோர் மருத்துவர், சென்னை

டாக்டர், நோய்ப் பட்டியலை விட்டுவிடுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கான எம்.டி. படிப்பு 1996இலேயே தொடங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. இருந்தும், இத்துறையில் சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் உங்கள் கிராமங்களுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது.

முதல் நாள் காலையில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கற்றுக்கொடுங்கள்: போன மாதம் தாமாகச் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இவரால் இப்போது செய்ய முடியவில்லை? முதியவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் இல்லாமலும் போகலாம். சாப்பிட மறுப்பதும், திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவதும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். சில மணி நேரங்களில் அல்லது ஓரிரு நாளில் தோன்றி, காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக மாறி மாறி வருவது டெலிரியம்; மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்வது மறதிநோய். முன்னது அவசரம். “வயசானா அப்படித்தான்” என்ற சொல்லைப் பயிற்சிக் கூடத்தில் எவர் சொன்னாலும் அங்கேயே நிறுத்தி, அதை எப்படிக் கண்டறிந்தீர்கள் என்று கேளுங்கள்.

மாத்திரைப் பையையும் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு வேறொருவர் நீர் மாத்திரை எழுதுகிறார். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. எழுதியவர் எவரும் முழுப் பையையும் பார்த்திருக்க மாட்டார்கள். தன்னார்வலர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. பையைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும்.

பதில் 2: இயன்முறை மருத்துவர்

மேலே ஐயா சொன்னதோடு, இரண்டாம் நாளை முழுவதும் செய்முறைக்கே ஒதுக்குங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேலானால் விழும் ஆபத்து உண்டு. ஒரு கைப்பேசியும் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடும் போதும். இரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற 1 மற்றும் 3 நிமிடங்களிலும் பார்க்கப் பழக்குங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அதுவே தலைசுற்றலுக்குக் காரணமாக இருக்கலாம். இவற்றைக் காணொளியில் காட்டாதீர்கள். உண்மையான ஒரு தாத்தாவையும் பாட்டியையும் அழைத்து வாருங்கள், அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பொறுத்திருந்து பார்ப்பதும் பயிற்சிதான்.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர்

ஒரு மாற்றுக் கருத்து. ஏற்கெனவே இவர்கள் தலையில் பதிவேடுகள் மலைபோல் இருக்கின்றன. புதிதாக இன்னொரு படிவம் கொடுத்தால் கட்டங்கள் நிரம்பும், பாட்டி அப்படியே கிடப்பார். ஆபத்தைக் கண்டுபிடித்தவர் அன்றே யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை என்பது முடிவாகாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். படுத்த படுக்கையானவரைப் புரட்டிப் படுக்க வைப்பதை வீட்டு மருமகளுக்கும் மகனுக்கும் கற்றுக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவிலியர் வராத நாள்களில் படுக்கைப்புண்ணைத் தடுப்பவர்கள் அவர்கள்தாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பட்டியலைக் கிழித்துவிட்டேன். செவிலியர் அம்மா சொன்ன தொலைபேசி வரிசையில் முதல் எண்ணாக என் எண்ணையே போடுகிறேன். இரண்டாவது எண் யாருடையது என்பதை வட்டார மருத்துவ அலுவலரிடம் பேசி முடித்த பிறகே தேதி குறிப்பேன்.