ரேப்பர்: 'உறை' போதாது, 'காப்புறை' வேண்டும்

வணக்கம்.

> சி மொழியின் சிஸ்டம் செயற்கூறுகளை லுவா மொழிக்குள் அழைக்க நடுவில் எழுதும் ரேப்பருக்குத் தமிழில் 'உறை' போதுமே?

போதாது. சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) எதைக் காட்டுகிறது என்று படித்துத் தரும் ரீட்லிங்கையே எடுங்கள். ஒரு சிம்லிங்க் 'மதுரை/திருப்பரங்குன்றம்' என்ற பாதையைக் காட்டுகிறது. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 'மதுரை' 15 பைட், சாய்கோடு 1, 'திருப்பரங்குன்றம்' 51, ஆக 67. விடையை வாங்கிக்கொள்ளும் நினைவக இடமாக நாம் 64 பைட் பஃபர் கொடுத்தால் ரீட்லிங்க் பிழை சொல்லாது. 64 பைட்டை நிரப்பி, 64 என்றே திருப்பித் தரும். கடைசிப் புள்ளியின் 3 பைட்தான் விடுபடும். கிடைப்பது 'மதுரை/திருப்பரங்குன்றம'. யூடிஎஃப்-8 சோதனையிலும் அது தேறிவிடும். ஆனால் அப்படி ஒரு கோப்பு இருக்காது. சரத்தின் முடிவைக் காட்டும் சுழி பைட்டும் இறுதியில் போட்டிருக்காது. அதனால், சரத்தை லுவாவுக்குக் கொடுக்கும் லுவா_புஷ்ஸ்ட்ரிங் அந்தச் சுழியைத் தேடி பஃபரைத் தாண்டிப் படிக்கும். நீளத்தையும் சேர்த்து வாங்கும் லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங்தான் சரி.

திரும்பிய எண் பஃபர் அளவுக்குச் சமமென்றால் பஃபரை இரட்டிப்பாக்கி மறுபடி அழைக்க வேண்டும். அந்தப் பஃபரை சி-யின் மாலாக்கில் எடுக்காமல், லுவாவே நிர்வகிக்கும் யூசர்டேட்டாவாக எடுங்கள். லுவாவில் பிழை எழுந்தால் லாங்ஜம்ப் (செயற்கூற்றின் நடுவிலிருந்தே வெளியே தாவுவது), மாலாக் நினைவகத்தை விடுவிக்கும் நம் ஃப்ரீயைத் தாண்டிப் போய்விடும். யூசர்டேட்டாவைக் குப்பைசேகரிப்பான் பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்வதற்கு 'காப்புறை' என்பதே தகும்.

– திருநகர், மதுரை

ஐயா, வணக்கம்.

> 'காப்புறை' என்பதே தகும்

பேக்கப்பைக் 'காப்பு நகல்' என்கிறோமே, மாணவர்கள் குழம்ப மாட்டார்களா? மற்றபடி சொல் பிடித்திருக்கிறது. 'காப்புறையிடு' என்று வினையும் எளிதாக வருகிறது.

பிழையின் எண்ணைச் சொல்லும் எர்நோவையும் சேர்க்க வேண்டும். கோப்பைப் படிக்கும் ரீட் தோற்றதும் முதல் வேலையாக எர்நோவை ஒரு மாறியில் எடுத்துவைக்க வேண்டும். இடையில் கோப்பை மூடும் குளோஸை அழைத்தால் அது மாறிவிடலாம். சிக்னல் குறுக்கிட்டு ஈஇன்டர் என்ற பிழை வந்தால் ரீட்டை மறுபடி அழைக்கலாம். பைத்தான் 3.5 முதல் தானே அப்படிச் செய்கிறது. லினக்ஸில் குளோஸை மட்டும் மறுபடி அழைக்கவே கூடாது. திறந்த கோப்புக்கு சிஸ்டம் கொடுத்த எண் ஏற்கெனவே விடுபட்டிருக்கும். அதற்குள் நிரலில் இணையாக ஓடும் வேறு திரெட் அதே எண்ணில் ஒரு கோப்பைத் திறந்திருந்தால், நாம் மூடுவது அதைத்தான்.

– திருமங்கலம்

குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ஒன்று நகல், மற்றொன்று உறை. வெறும் 'உறை'தான் இடிக்கிறது: பாடநூலில் 'உறைபொதியாக்கம்' வேறு பொருளில் (என்கேப்சுலேஷன், அதாவது தரவையும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டுவது) இருக்கிறது.

எர்நோவும் குளோஸும் முக்கியமானவை, விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். சோதனை ஏதுமின்றி அழைப்பை அப்படியே கடத்துவதை 'வெற்றுறை' எனத் தனியே குறிக்கலாமா? ஆவணத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததுமே, நீளத்தையும் எர்நோவையும் தான்தான் கவனிக்க வேண்டும் என்று அழைப்பவருக்குத் தெரிந்துவிடும்.

– திருநகர், மதுரை