சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்கப் போகலாமா, சின்னப் பிள்ளைகளோடு?

கொக்குவில்காரன்:
வணக்கம். தை மாதக் கடைசியில் அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. மருமகளுக்கு ஒன்பது வயது, பறவை என்றால் பைத்தியம், "மாமா, பூநாரை காட்டுவீங்களா?" என்று போனில் இப்போதே அரியண்டம். மருமகனுக்குப் பதினாலு, அவன் ட்ரோன் கொண்டுவருகிறானாம். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, எந்த நேரம் நல்லது, அனுமதி எதுவும் வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன வருடம் நாங்கள் ஐந்து பேர் மோட்டார் சைக்கிளில் போனோம். கூட்டம் எழும்பிப் பறக்கிற வீடியோ வேண்டும் என்று எங்களில் ஒருவன் கைதட்டிக் கத்த, முதல் தடவை பறந்து கொஞ்சம் தள்ளி இறங்கின. திரும்பவும் கத்தினான். மூன்றாம் தடவை எழும்பியவை கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டன. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலை நிமிராமலே, "தம்பி, அதுகள் சாப்பிட வந்ததுகள், உங்களுக்கு ஆடிக்காட்ட வரேல்லை" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

தரவைக்காற்று:
ஐயா சொன்னது சரியான கதை. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாகத் தண்ணீருக்குள் வைத்துச் சேற்றை வடித்து வடித்துத்தான் சின்ன இறால், பாசியெல்லாம் எடுக்கிறது. நாள் முழுக்கச் செய்தால்தான் வயிறு நிரம்பும். எழும்புவதென்றாலும் கொக்கு மாதிரி நின்ற இடத்திலிருந்து பறக்காது, தண்ணீரில் கொஞ்சத் தூரம் ஓடித்தான் மேலே போகும். ஒரு தடவை கலைத்தால் சாப்பாட்டு நேரமும் போச்சு, சேர்த்த சக்தியும் போச்சு. பூநாரையோடு அங்கே நிற்கிற ஊசிவால் வாத்துகள் வடக்கே சைபீரியா பக்கத்திலிருந்தெல்லாம் இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. மாசி, பங்குனியில் திரும்பிப் போகிற பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கவேண்டிய நேரத்தில்தான் நாங்களும் கமராவோடு போய் நிற்கிறோம்.

காலத்தைப் பொறுத்தவரை தைக் கடைசி நல்ல நேரம். கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் ஆழம் கூடினால் காலூன்றி மேய்கிற பறவைகளுக்கு இடமில்லை. மழை விட்டுத் தண்ணீர் வற்ற வற்றச் சேற்றுத் திட்டி தெரியும், கூட்டமும் கரைக்குக் கிட்ட வரும். விடியற்காலையில் போங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயிலில் கானல் அடித்து வெள்ளைப் புள்ளிதான் தெரியும். ஏ9 வீதி வழியாக இயக்கச்சி வரை போய் அங்கிருந்து கிழக்கே திரும்பவேண்டும். வழியில் கடை கண்ணி குறைவு, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள், வெறும் போத்தலை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் இல்லாமல் அங்கே பறக்கவிட முடியாது. சட்டத்தை விடுங்கள், பறவைக்கு அது பருந்து மாதிரித்தான் தெரியும். உள்ளே போவதற்கும் அனுமதி வேண்டும், புறப்படமுதல் திணைக்களத்துக்கு ஒரு கோல் எடுங்கள். பாதையை விட்டு இறங்கவேண்டாம், சண்டை நடந்த நிலம், பிள்ளைகளுக்கு மிதிவெடியைப் பற்றிச் சொல்லியே கூட்டிப்போங்கள்.

கரைவலை:
நான் வடமராட்சி கிழக்கு. எல்லாரும் பறவையைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஊரைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம் ஆனது. சரணாலயம் என்றால் உள்ளே தனியார் காணியும் இருக்கலாம், சனம் பழையபடி தொழில் செய்யலாம். 2015இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 19,565 ஹெக்டேயர். பூங்காவுக்குள் நுழையவே அனுமதி வேண்டும். அப்பு காலத்திலிருந்து இறால் பிடித்த தண்ணீரில் இன்று கால் வைத்தால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்ற பயம். போர் முடிந்து சனம் திரும்பி வந்து கொஞ்சக் காலத்தில் வரைபடத்தில் கோடு விழுந்தால் எப்படியிருக்கும்? இதற்குள் இரவில் டிப்பரில் மணல் அள்ளுபவன் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறான். மணல் திட்டி போனால் கடல் உள்ளே வரும், உவர் கூடும், பிறகு இறாலும் இல்லை பறவையும் இல்லை. டிப்பர் எத்தனை மணிக்குப் போகிறது என்பது எங்கள் ஊர்ப் பெண்டுகளுக்கு மனப்பாடம். எங்களைக் கேட்டால் சொல்லுவோம், யாரும் கேட்பதில்லை.

தரவைக்காற்று:
@கரைவலை அண்ணை, இதை மறுத்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பூங்கா எல்லையே வேண்டாம் என்றால் மணல்காரனுக்குத்தான் முதல் கொண்டாட்டம். தொழிலுக்குப் போகிறவனுக்குத் தனியாக வழி எழுதிக்கொடுத்து, பறவை காட்டக் கூட்டிப்போகிற வேலையையும் அந்த ஊர்ப் பொடியன்களிடமே கொடுத்தால் என்ன என்றுதான் எனக்குப் படும். பறவை நின்றால்தான் நாளைக்கும் சம்பளம் என்றால் எவன் கைதட்டுவான்?

கரைவலை:
கொடுத்தால் நல்லதுதான். கொடுக்கட்டும், பார்ப்போம்.

சாவகச்சேரிப் பனை:
கொக்குவில்காரன் தம்பி, ஒன்பது வயதுப் பிள்ளையோடு முதலே சுண்டிக்குளம் ஏன் மினக்கெடுகிறீர்கள்? சாவகச்சேரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போகிற வீதியில் தனங்கிளப்பு இருக்கிறதே. வீதியோரம் வாகனத்தை நிற்பாட்டிவிட்டு, யன்னலைப் பதித்து உள்ளேயே இருந்து பாருங்கள். வாகனத்துக்கு அவ்வளவாகப் பயப்படாத பறவை, கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்கினால் உடனே கழுத்தை நீட்டும். எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னுக்கு வாருங்கள். ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில் நின்றதை நான் கண்டிருக்கிறேன், கரண்டிவாயனும் வரும். ஒன்று மட்டும், அக்காவின் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை போடாதீர்கள், ஹோர்னையும் அடிக்காதீர்கள்.

கொக்குவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி. முதல் நாள் தனங்கிளப்பு, மருமகளுக்கு ஆசை அடங்காவிட்டால்தான் சுண்டிக்குளம் என்று முடிவு. போனால் கைதட்டினவனையும் கூட்டிப்போகிறேன், அந்த ஐயா இருந்தால் கண்டு கதைக்கவேண்டும். மருமகனிடம் ட்ரோன் கதையைச் சொன்னேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனை வைத்துவிட்டான், அக்கா பார்த்துக்கொள்வா. @கரைவலை அண்ணை, உங்கள் ஊரில் பறவை தெரிந்த பொடியன் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நாள் சம்பளம் பேசிக்கொள்வோம். அப்புறம், நல்ல தொலைநோக்கி இரண்டு நாளைக்கு இரவல் தர யாரிடமாவது இருக்கிறதா? என்னுடையதில் ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்துப் போச்சு.