பொருள்: டெய்லிங்ஸ் – வால்கழிவா, கசடா, சக்கையா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தாதுவிலிருந்து உலோகத்தை எடுத்த பின் மிஞ்சும் கழிவான ‘டெய்லிங்ஸ்’க்குத் தமிழில் எந்தச் சொல் என்று இரண்டு வாரமாக ஓடும் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வேலை மலேசியாவில் ரவுப் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில். பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதி ஒட்டும் பொறுப்பும் என் தலையில்தான் விழும். 1889-லேயே தங்கத்துக்காகக் கம்பெனி வந்து தோண்டிய ஊர் இது. சுற்றிலும் பால்மரமும் (ரப்பர்) செம்பனையும், நடுவில் தங்கம். அதனால் தாது ஆலையில் வேலை செய்கிற உறவுக்காரன் ஒருவனாவது இங்கே எல்லாருக்கும் இருப்பான்.

> கசடு என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

ஐயா, கசடு என்றால் அடியில் கொஞ்சமாகத் தங்கியது என்றுதான் மனதில் படும். தாது ஆலையில் நடப்பது நேர்மாறு. ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் தேறும் தங்கம் சில கிராம்தான். செம்புத் தாதுவில் செம்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பது இன்றைக்குச் சாதாரணம். உள்ளே போன சரக்கு ஏறக்குறைய அப்படியே, தண்ணீரும் மருந்தும் கலந்து, மறுபக்கம் குழாயில் வந்துவிடுகிறது. சாரத்தை எடுத்த பிறகு மிஞ்சும் பெரும்பகுதிக்குத் தமிழில் சக்கை என்றுதான் பெயர். உலோகம் உருக்கும்போது மேலே மிதப்பதையும் சிலர் கசடு என்று எழுதுகிறார்கள். அதற்குக் கிட்டம் இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

வால்கழிவு வேண்டாம். வால் எங்கே இருக்கிறது என்று எங்கள் மண்டோர் (மேற்பார்வையாளர்) கேட்பார், என்னிடம் பதில் இல்லை.

சக்கைக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம், அது பிள்ளை பெறும் சொல். பேராக்கில் ஈயலம்பம் (வெள்ளீயச் சுரங்கம்) இருந்த இடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஈயத்தைக் கழுவி எடுத்த பின் மிஞ்சியது இரண்டாகப் பிரிந்து கிடக்கும். பருமணல் அருகிலேயே படியும், வெள்ளை வெளேரென்று, புல்கூட லேசில் முளைக்காது. நுண்சேறு தள்ளிப்போய்க் குட்டையில் தங்கும், கால் வைத்தால் இறங்கும். முதலாவது சக்கைமணல், இரண்டாவது சக்கைச்சேறு. தேக்கி வைக்கும் இடம் சக்கைத்தேக்கம், அதைத் தாங்கும் கரை சக்கையணை. கசடை வைத்து இப்படிக் கட்டிப் பாருங்கள், கசட்டணை என்று பல்லில் இடறும்.

> சக்கை என்றால் மாட்டுக்குப் போடலாம், அடுப்பெரிக்கலாம் என்று நினைப்பார்கள். விஷமுள்ள பொருளுக்கு இந்தப் பெயர் ஆபத்தில்லையா?

இது சரியான கேள்வி, டீச்சர். எங்கள் ஆலையில் பழக்குலையின் சக்கையைத் தோட்டத்திலேயே பரப்புகிறோம், யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்தப் பயத்தை முன்னால் ஒட்டும் சொல் தரட்டும்: சயனைடுச் சக்கை, கந்தகச் சக்கை. கோலார் தங்கவயலில், தங்கத்தைப் பிரிக்கப் போடும் சயனைடு கலந்த அரைமண் மலைமலையாக நிற்பதைச் சயனைடு மேடு என்றால் அங்குள்ள தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. எல்லாச் சக்கையும் ஒரே விஷம் இல்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. கந்தகத் தாது கலந்திருந்தால் காற்றும் மழையும் பட்டு வருடக்கணக்கில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். சயனைடு வெயிலில் மெல்லச் சிதையும்.

இப்போது ‘ஸ்பில்’லுக்கு வருவோம். இதில்தான் எனக்குக் குழுவோடு சண்டை. எல்லாவற்றுக்கும் ‘கசிவு’ என்று எழுதுகிறோம். குழாய் மூட்டில் சொட்டுவது கசிவு. டிரம் சாய்ந்து கொட்டினால் சிந்தல். தொட்டி நிரம்பினால் வழிவு. கரை போனால் உடைப்பு. நான்குக்கும் ஓட வேண்டிய திசையே வேறு. சயனைடுக் கரைசல் சிந்தினால் முதல் வேலை அமிலம் எதுவும் பக்கத்தில் வராமல் பார்ப்பது. சுண்ணாம்பு போட்டு பி.எச். (அமில-காரத்தன்மை) அளவை 10-க்கு மேல் வைத்திருப்பதே அது வாயுவாகக் கிளம்பாமல் இருக்கத்தான். அதனால் அமிலத் தொட்டியையும் சயனைடுத் தொட்டியையும் ஒரே வரப்புக்குள் வைக்கக் கூடாது. கான்கிரீட் தரையில் சிந்தியதற்குப் போடும் பிளீச்சிங் மருந்தை, ஆற்றில் கலந்த பிறகு கொட்டவும் கூடாது. மருந்தே மீனைக் கொன்றுவிடும்.

வரப்பு என்றேனே, தொட்டியைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. காகிதத்தில் அழகாக இருக்கும். மழைக்காலத்தில் எங்கள் டீசல் தொட்டி வரப்பை வந்து பாருங்கள். கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், மூலையில் வடிகால் வால்வு. தண்ணீரை வடிக்கத் திறந்தவன் தேநீர் குடிக்கப் போய்விட்டால் அந்த வரப்பு வெறும் சுவர். ஆகவே ‘வரப்பு வால்வு மூடியே இருக்கும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அணைக்கு வந்தால் குளத்துச் சொற்கள் இருக்கும்போது நாம் ஏன் அகராதியைப் புரட்டுகிறோம்? மிகைநீர் வெளியேறும் இடம் கலிங்கு. நடுவில் நின்று மேல்தண்ணீரை மட்டும் உள்வாங்கும் கோபுரத்துக்குக் குமிழித்தூம்பு நல்ல பெயர். பாண்டிநாட்டு ஏரிகளில் உள்ளே நின்று தண்ணீரை வெளியேற்றிய தூம்பின் பெயர் அது. ஒன்று மட்டும் குளத்தில் கிடையாது. ஊர்க் குளத்துக் கரையை யாரும் குளத்துச் சேற்றின் மேலேயே ஏற்றிக் கட்ட மாட்டார்கள். சக்கையணையில் அப்படிக் கட்டுவதுண்டு, செலவு குறைவு என்பதால். பிரேசிலின் புருமாடின்ஹோவில் 2019 ஜனவரி 25-ல் போனது அப்படி ஏற்றிய அணைதான், 270 பேர் இறந்தார்கள். அங்கே தண்ணீர் வழியவில்லை. கெட்டியாகத் தெரிந்த சக்கை திடீரென்று இளகி ஓடியது. அதற்கு ‘இளகல்’ என்று தனிச்சொல் வைத்தே ஆக வேண்டும். ருமேனியாவின் பாயா மாரேயில் 2000 ஜனவரி 30-ல் நடந்தது வேறு கதை. மழையும் உருகிய பனியும் சேர்ந்து நீர் ஏறி, கரை உடைந்து, ஏறத்தாழ 1,00,000 கனமீட்டர் சயனைடு நீர் ஆறுகள் வழியாக டான்யூப் வரை போனது. முன்னதை இளகல் என்றும் பின்னதை உடைப்பு என்றும் எழுதினால் காரணமும் சேர்ந்து புரியும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விட்டுவைக்கும் உயரம் இருக்கிறதல்லவா, அதற்குக் ‘கரைமிச்சம்’ என்று எழுதிப் பார்த்தேன். மிச்சம் என்றதும் சம்பளம் ஞாபகம் வருகிறது என்கிறார்கள் பையன்கள். தஞ்சாவூர், மதுரைப் பக்கம் குளத்து வேலை பார்த்தவர்கள் குழுவில் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.