78 சூறாவளி பற்றிய குறிப்புகள்: டிஜிட்டல் வைட்போர்டில் எப்படி அடுக்குவது?

கல்லாறு_டீச்சர்:

வணக்கம். 1978 நவம்பர் 23 இரவு இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் மட்டக்களப்புப் பக்கம் அடித்த சூறாவளியை நேரில் கண்டவர்களிடம் கதை கேட்டுச் சேர்த்து வருகிறேன். கல்லடி, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கொக்கட்டிச்சோலை என்று ஊர் ஊராகப் போகிறேன். சீஆர் கொப்பிகள், ஃபோனில் குரல் பதிவுகள், வட்ஸ்அப்பில் வந்த பழைய படங்கள் என்று எல்லாம் குவிந்து கிடக்கின்றன. வேர்டில் ஊர்வாரியாகத் தட்டிப் பார்த்தேன், ஒவ்வொருவர் கதையும் தனித்தனியாக நிற்கிறது. எல்லாரும் பேசுவது ஒரே இரவைப் பற்றித்தான், ஆனால் அந்த இரவு முழுசாக எங்கும் தெரியவில்லை. கம்பஸில் படிக்கும் மருமகள் டிஜிட்டல் வைட்போர்டில் போட்டுப் பாருங்கள் என்கிறாள். எது நல்லது, தமிழ் ஒழுங்காக வருமா, எங்கிருந்து தொடங்குவது? என் லப்டொப் பழையது, ஃபோன் டேட்டாவில்தான் இண்டர்நெட். இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் எல்லாருக்கும் வயது போய்விட்டது, அதனால் நிறையக் காலம் எடுத்து ஆராய்ச்சி பண்ண முடியாது.

தம்பிலுவில்காரன்:

டீச்சர், உங்கள் லப்டொப்புக்கு எக்ஸ்காலிட்ரோ என்ற வைட்போர்டு போதும். இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஒருமுறை நிறுவிவிட்டால் இண்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். மிரோவில் வசதி கூட, ஆனால் இலவசக் கணக்கில் 3 போர்டுகளைத்தான் திருத்தலாம், பழைய மெஷினுக்குக் கொஞ்சம் பாரமும். தமிழை யூனிகோடில் தட்டினால் வரும், கையெழுத்து மாதிரி இருக்கும் அதன் ஆங்கில எழுத்துருவில் மட்டும் வராது, கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எக்ஸ்காலிட்ரோவில் நீங்கள் வரைவது பிரவுசருக்குள்தான் இருக்கும், யாராவது பிரவுசரைத் துப்புரவு செய்தால் போய்விடும். வேலை முடிந்ததும் ஃபைலாகச் சேமித்து பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். பெரிய கம்பனி என்று நம்பியும் விடக்கூடாது, கூகுளின் ஜாம்போர்ட் என்ற வைட்போர்டையே 2024 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டார்கள். குரல் பதிவுகளை போர்டுக்குள் போட முடியாது, கூகுள் டிரைவில் ஏற்றி அந்த லிங்கை போர்டில் உள்ள குறிப்பு அட்டையில் ஒட்டுங்கள்.

ஓய்வு_புவியியல்:

தங்கச்சி, எந்தச் செயலி என்பதை விட போர்டின் அடியில் என்ன போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் என்றால் வரைபடத்தைப் போடுவேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையை ஒரு கோடாக வரைந்து, வாவியையும் வரைந்து, அசையாமல் பூட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொருவர் சொன்ன காற்றையும் அவரவர் ஊரில் அம்புக்குறியாகப் போடுங்கள், முதலில் அடித்தது ஒரு நிறம், பிறகு அடித்தது வேறு நிறம்.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு, வங்காள விரிகுடாவிலிருந்து மேற்கே நகர்ந்து வரும். சூறாவளியின் கண், அதாவது அமைதியான நடுப்பகுதி, நேரே கடந்த ஊரில் முதலில் வடக்கிலிருந்து காற்று, அப்புறம் எல்லாம் அடங்கி ஒரு அமைதி, அதன் பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். கண்ணுக்கு வடக்கே இருந்த ஊரில் அந்த அமைதி வராது, காற்று வடகிழக்கில் தொடங்கி கிழக்கால் சுற்றித் தென்கிழக்குக்குப் போகும். தெற்கே இருந்த ஊரில் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறும். "காற்று நின்றதென்று வெளியே வந்தோம், திரும்ப அடித்தது" என்று யார் யார் சொல்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள், கண் போன பாதை உங்கள் வரைபடத்திலேயே தெரியத் தொடங்கும். வேர்டில் இது ஒருநாளும் தெரியாது. இனிப் போகும் இடங்களில் தென்னை எந்தப் பக்கம் விழுந்து கிடந்தது, எந்தப் பக்கத்துக் கூரை முதலில் போனது என்று கட்டாயம் கேளுங்கள். நேரம் மறந்துபோகும், விழுந்த மரத்தை ஆட்கள் மறக்கமாட்டார்கள்.

கல்முனை_நானா:

சேர் சொன்னது காற்றுக்குச் சரி. ஆனால் டீச்சரிடம் இருப்பது காற்று மட்டும் இல்லையே, யார் வீட்டில் ஒதுங்கினார்கள், என்ன சமைத்தார்கள், மறுநாள் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்றெல்லாம் இருக்கும். எங்கள் உம்மாவும் சூறாவளிக் கதை என்றால் அதைத்தான் முதலில் சொல்லுவா. இதற்கு ஜப்பானிய மானிடவியலாளர் கவாகிதா ஜிரோவின் முறையைப் பாருங்கள், நேபாளத்தில் களவேலை செய்து குவித்த குறிப்புகளை ஒழுங்குபடுத்த முனைந்ததில் உருவான முறை அது. ஒரு அட்டையில் ஒரு விஷயம் மட்டும், அதுவும் அவர்கள் சொன்ன வாயாலேயே. எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, ஒன்றோடொன்று சேருவதைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்த வேண்டும், தலைப்பை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். "சேதம்", "நிவாரணம்" என்று முதலே பெட்டி கீறிவிட்டால் கதைகள் அந்தப் பெட்டிக்குள் மடங்கிவிடும். எதிலும் சேராத அட்டையை வலிந்து சேர்க்காமல் தனியாகவே விடுங்கள், பெரும்பாலும் நல்ல கேள்வி அதிலிருந்துதான் வரும்.

இன்னொன்று, ஆட்களின் பெயரை அட்டையில் எழுத வேண்டாம். ஊருக்கு ஒரு எழுத்து, ஆளுக்கு ஒரு இலக்கம், பெயர்ப் பட்டியல் உங்கள் கொப்பியில். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் கதை போர்டு லிங்கோடு ஊர் சுற்றக்கூடாது. ஒலிப்பதிவு ஃபைலுக்கும் அதே குறியீட்டையே பெயராக வைத்தால் தேடுவதும் சுகம்.

கல்லாறு_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் இரண்டு போர்டு வைக்கிறேன், ஒன்று சேர் சொன்ன காற்று வரைபடம், மற்றது அட்டைகளுக்கு. நேற்றிரவு எக்ஸ்காலிட்ரோவில் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், தமிழ் வருகிறது. களுவாஞ்சிகுடிக் காற்றையும் வாழைச்சேனைக் காற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே திசை வேறு வேறாக இருக்கிறது. படுவான்கரைப் பதிவுகளில் திசை கேட்கப்படவில்லை, அங்கே திரும்பப் போவேன். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் எனக்கு ஆள் இல்லை, தம்பிலுவில் தம்பி, உங்கள் பக்கத்தில் அந்த இரவைப் பார்த்த அம்மம்மா, அப்பப்பா யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன்.