இரண்டே கப்பல்களுடன் டங்கன் எப்படித் தாக்குப்பிடித்தார்?

அட்மிரல்டி அம்மா:
உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் அடுத்த வாரம் வகுப்பில் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆடம் டங்கனைப் பற்றிப் பேசுகிறாள். 1731-இல் டண்டியில் பிறந்தார், 1746-இல் கடற்படையில் சேர்ந்தார் என்பது வரை எழுதிவிட்டாள். 1797-இல் அவருடைய மாலுமிகள் கலகம் செய்தபோது இரண்டே போர்க்கப்பல்களை வைத்து டச்சுக் கடற்படையைத் துறைமுகத்திலேயே அடைத்துவைத்தார் என்கிறார்களே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

செம்பவாங் தாத்தா:
நம்புங்கள் அம்மா. என் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கப்பல்களில் சைகைக் கொடிகள் ஏறி இறங்குவதைச் சிறுவனாக மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நெதர்லாந்தின் டெக்செல் தீவுக்கு வெளியே வெனரபிள், அடமண்ட் என்ற இரண்டு கப்பல்களோடு நின்ற டங்கன், தொடுவானத்துக்கு அப்பால் பெரும்படை இருப்பதுபோல ஓயாமல் கொடி காட்டினார். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கொடி தெரியும். அது யாருக்கு என்பது தெரியாது. காற்றும் உதவியது. ஜூலையில் டச்சுக் கப்பல்கள் அயர்லாந்துப் படையெடுப்புக்குத் தயாரானபோது எதிர்க்காற்று வாரக்கணக்கில் கட்டிப்போட்டது.

ஒரு வேண்டுகோள். அந்த மாலுமிகளைத் துரோகிகள் என்று மகள் எழுத வேண்டாம். அவர்களுடைய ஊதியம் 1658-க்குப் பிறகு உயரவே இல்லை! ஒரு கலகக்காரனை டங்கன் ஒற்றைக் கையால் தூக்கிக் கப்பலுக்கு வெளியே தொங்கவிட்டார் என்ற கதையைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரம், செய்யக்கூடியவர்தான். ஆனால் அக்டோபர் 11 அன்று டச்சுக் கரைக்கு அருகே நடந்த கேம்பர்டவுன் கடற்போரில் அவருக்கு வெற்றி தேடித்தந்தது கலகம் செய்த அதே கப்பற்படைதானே? 11 கப்பல்களைப் பிடித்தார்கள். டங்கனுக்கு அப்போது 66 வயது.

ஜூரோங் வாசகன்:
ஐயா சொல்வது சரி. இருந்தாலும் தளபதியின் துணிவைக் குறைத்துவிட வேண்டாம். காற்று கரையை நோக்கி அடிக்கிறது, அடியில் ஆழமில்லை. அணிவகுக்கக் காத்திருந்தால் எதிரி தப்பிவிடுவான் என்று, கிடைத்த ஒழுங்கிலேயே பாய்ந்தார். தோற்ற டச்சுத் தளபதி டி விண்டர் வாளை நீட்டியபோது, வாளை வாங்காமல் கையைப் பற்றிக் குலுக்கினாராம். அதையும் சேர்க்கலாம்.

அட்மிரல்டி அம்மா:
இருவருக்கும் நன்றி. பேச்சை ஊதியத்திலிருந்தே தொடங்கப் போகிறாளாம். வெனரபிளின் கொடி அறுந்து விழுந்தபோது பாய்மரத்தில் ஏறி ஆணியடித்துக் கட்டிய மாலுமி ஜாக் கிராஃபர்ட் பிறகு என்ன ஆனார் என்று கேட்கிறாள்.

செம்பவாங் தாத்தா:
டங்கன் பிரபுவானார். கிராஃபர்டுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு ஓய்வூதியம் கிடைத்தது. 1831-இல் சொந்த ஊரான சண்டர்லாந்தில் காலரா கண்டு இறந்தார். ஏழைகளைப் புதைக்கும் குழியில்தான் அடக்கம் செய்தார்கள்.